ராதாமணி வீட்டு மிஷின் மூன்றாம் தரம் நின்ற கதை

ஒரு மிஷினுக்குள் தண்ணீர் போகிறது. போன தண்ணீர் வெளியே வரவில்லை. மோட்டார் உறுமுகிறது, ஆனால் உள்ளே இருக்கிற தட்டு சுற்றவில்லை. கரண்ட் இருக்கிறது. பீஸ் போகவில்லை. குழாய் எங்கேயும் மடங்கவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

எண்பத்தேழாம் வருஷம், முனிச்சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வியை எல்லாரும் எல்லாரிடமும் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது என்பதால், விஞ்ஞானப் பாடம் என் தலையில் இன்னும் ஆறாமல் இருக்கும் என்று நம்பினார்கள். எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மிஷினில் ஆரம்பிக்க முடியாது. ராதாமணியின் நகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ராதாமணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இடது கை ஆள்காட்டி விரலில் மட்டும் அரை அங்குலத்துக்கு நகம் வளர்த்திருந்தாள். மற்ற ஒன்பது விரல்களிலும் ஒட்ட வெட்டியிருப்பாள். அந்த ஒரு நகத்தை வெட்ட மாட்டாள், அதைக் கொண்டு தேங்காய்த் துருவலைத் தொட மாட்டாள், கதவுத் தாழ்ப்பாளை நகர்த்த மாட்டாள். அது சுங்குடி முடிச்சுப் போடுகிற நகம்.

சுங்குடிச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சுப் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத் துணியில் வரிசையாகப் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்ற வேண்டும். ஒரு புள்ளி முடிந்ததும் நூலை அறுக்கக் கூடாது. அதே நூல் அடுத்த புள்ளிக்கு ஓட வேண்டும், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்கு. பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியைக் குறுக்காகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பட்பட்டென்று சுற்றுகள் தெறிக்கும், நூல் நீளமாக உருவிக்கொண்டு வரும், உள்ளே வெள்ளைப் புள்ளிகள் கண் விழித்துப் பார்க்கும்.

அந்தச் சந்தில் முடிச்சுப் போடுகிற பெண்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். மிளகு அளவுக்குப் புள்ளி எல்லாரும் போடுவார்கள். கடுகு அளவுக்குப் போடுகிறவள் ராதாமணி ஒருத்திதான். கடைக்காரர்கள் துணியைக் கொடுக்கும்போதே, "இது அந்தக் கடுகுக்காரம்மாவுக்கு" என்று தனியாகக் கட்டி வைப்பார்கள். அவளுக்கு வேறு பெருமை கிடையாது, வேறு பெருமை வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

இந்த நகத்துக்கு எதிரி துவைகல். நாலு வாளித் துணியைச் சவுக்காரம் போட்டுக் கும்மி அடித்தால் நகம் ஊறி அப்பளம் மாதிரி நெகிழ்ந்துவிடும். கல்லில் ஒரு இடி பட்டால் போதும், குறுக்கே பிளந்துவிடும். அப்படி ஒரு தரம் ஆனபோது ஒன்றரை மாதம் அவள் கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடுகுத் துணியெல்லாம் வேறு வீட்டுக்குப் போய் மிளகாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நகத்தில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு துவைத்தாள். வாழைப்பட்டை சுற்றிப் பார்த்தாள். ஒரு தடவை நகத்தின் மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிக்கொண்டு கத்தினாள்.

இதெல்லாம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவளுடைய தம்பி துளசிராமுக்குக் கடிதத்தில் போயிருக்கிறது. ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவன் அக்காவுக்கு நைலக்ஸ் சேலை கொண்டு வரவில்லை. மரப்பெட்டிக்குள் ஒரு துணி துவைக்கிற மிஷின் கொண்டு வந்தான். மேல் மூடியைத் திறந்து துணியைப் போடுகிற வகை. உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு உருளை. அதன் அடியில் மூன்று இதழ் வைத்த தட்டு. மிஷினோடு வந்த புத்தகத்தில் அதற்கு ஏதோ பேர் போட்டிருந்தது. வீட்டில் அதை விசிறி என்றார்கள். விசிறி அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பும், தண்ணீர் சுழலும், துணி அழுக்கை விடும். பிறகு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு உருளை வேகமாகச் சுற்றித் துணியைப் பிழியும். வேலை முடிந்தால் ஒரு கூவல் கூவும். கோளாறு வந்தாலும் கூவும்.

அந்தக் கூவலில்தான் அவள் புருஷன் சௌரிராஜன் மாட்டிக்கொண்டார்.

சௌரிராஜனுக்குத் தந்தி ஆபீஸில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுக் கடா கட்டுக் கடா என்று தந்தி தட்டியவர். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம் எது கேட்டாலும் அவர் காது அதை எழுத்தாக்கிவிடும். குழாய் சொட்டினால்கூட, "இது நாலாவது எழுத்தோட நின்னுபோச்சே" என்பார். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மிஷின் வந்து கீ கீ என்றால் சும்மா இருப்பாரா?

முதல் தரம் நின்றது வந்த மூன்றாம் நாள். கொல்லைப்புறத் தரை, துவைத்த தண்ணீர் ஓட வேண்டும் என்று சாக்கடைப் பக்கம் சரிவாகப் பூசப்பட்டது. அந்தச் சரிவில் மிஷினை நிறுத்தியிருந்தார்கள். பிழிகிற நேரம் வந்ததும் மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சாக்கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ராதாமணி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். மிஷின் அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தது. வயர் எட்டாத தூரம் போனதும் பிளக் பிடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு சௌரிராஜன் புத்தகத்தைப் பத்திரம் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்து, மிஷினுக்கு நாலு கால் இருப்பதையும், அவற்றைத் திருகினால் உயரும் தாழும் என்பதையும் கண்டுபிடித்தார். மூடியின் மேல் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, தண்ணீர் எந்த ஓரத்திலும் ஒதுங்காமல் நிற்கிற வரைக்கும் காலைத் திருகினார்கள். ஒரே ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சேர்ந்து மிஷினைத் தள்ளும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் தரம் தண்ணீர் ஏறவில்லை. மிஷின் மூன்று குட்டையும் ஒரு நெட்டையுமாகக் கூவியது.

"வி!" என்று துள்ளினார் சௌரிராஜன். "மூணு குட்டை ஒரு நெட்டைன்னா வி. வால்வுங்குது!"

தண்ணீர் நுழைகிற வால்வைக் கழற்றிப் பார்த்தால் அதன் வாயில் இருந்த சல்லடையில் வைகை மணல் அப்பியிருந்தது. பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது. மிஷின் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மாதிரிதான் கூவும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் அப்போது படித்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஆபீஸில் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இரண்டு தரத்துக்கும் லீவு போட வேண்டியிருந்தது. மனிதருக்கு அலுத்துவிட்டது. அவருடைய தம்பி வீடு திருநகரில் இருந்தது. தம்பி மனைவி வசுந்தரா மிஷின் வந்த அன்றைக்கே பார்க்க வந்து, மூடியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். திருநகர் வீட்டில் தரை மட்டமாக இருக்கும், மொட்டை மாடியில் தொட்டி இருக்கும், தண்ணீர் அழுத்தமாக வரும். இதையெல்லாம் யோசித்து சௌரிராஜன் சொல்லிவிட்டார்:

"ராதா, இன்னொரு தரம் இது நின்னுச்சுன்னா திருநகருக்கு அனுப்பிருவேன். மூணாவது தரம் கெடையாது."

"எந் தம்பி எனக்குக் குடுத்தது."

"தரை உந் தம்பி குடுத்தானா? தண்ணி உந் தம்பி குடுத்தானா? மிஷின் வாழ்ற வீட்டுல இருக்கட்டும். எழுதி வேணும்னாலும் தாரேன், மூணாந் தரம் நின்னா போகும்."

ராதாமணி இடது கையை விரித்தாள். நகத்தைப் பார்த்துக்கொண்டாள். மிஷின் வந்து நாலு மாதத்தில் அது கண்ணாடி மாதிரி உறுதியாகியிருந்தது. அந்த நகத்தை வைத்து அவள் கடுகைவிடச் சிறிய புள்ளிக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருந்தாள். கசகசாப் புள்ளி. ஒரு முந்தானை அளவுக்கு வந்துவிட்டது. மிஷின் திருநகர் போனால் கை துவைகல்லுக்குப் போகும், நகம் போகும், கசகசாவும் போகும்.

மூன்றாம் தரம் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை.

தண்ணீர் நிறைந்தது, விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது, முக்கியது, நின்றது. மோட்டார் மட்டும் அடிவயிற்றில் உறுமியது. தண்ணீரை வெளியேற்றுகிற பொத்தானை அமுக்கினால் சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. மிஷின் கூவியது. ராதாமணி ஈரத் துண்டை எடுத்து அதன் மேல் போட்டு அமுக்கினாள், சத்தம் தந்தி ஆபீஸ் வரைக்கும் கேட்டுவிடுமோ என்று பயந்தவள் மாதிரி. இரண்டு நாள் துண்டை எடுக்கவே இல்லை. ஊறிய துணியெல்லாம் உள்ளேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌரிராஜன் மாற்றிக் கட்ட வேட்டி தேடினார். ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த அரைமணியில் அவர் முனிச்சாலை முக்குக் கடையிலிருந்து தம்பி வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார். அவர் போன நேரத்தில் ராதாமணியும் சும்மா இருக்கவில்லை. மொக்கையனுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

மொக்கையன் செக்கானூரணிக்காரன். கிணற்று மோட்டார் பிட்டர். உசிலம்பட்டி வரைக்கும் எந்தத் தோட்டத்தில் மோட்டார் இறைக்காமல் நின்றாலும் அவன் சைக்கிள் அங்கே நிற்கும். அந்த வாரம் சந்து முனையில் ஒரு போர் போட்ட வீட்டில் வேலையாக வந்திருந்தான். துணி துவைக்கிற மிஷினை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வந்ததும் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"என்ன தம்பி, புரியுதா?" என்றாள் ராதாமணி.

"அதெல்லாம் வெளங்குதுக்கா." தலை உள்ளே இருந்ததால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "நம்ம ஊருல கெணறு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். சிங்கப்பூர்க்காரன் கெணத்தையும் மோட்டாரையும் ஒரே பொட்டிக்குள்ள அடச்சு மூடி போட்டுட்டான். அம்புட்டுத்தான். மொதல்ல கெணத்த எறைக்கணும். செம்பு குடுங்க."

செம்பால் இறைத்து முடித்துத் துணிகளை வாரி வெளியே போட்டார்கள். இதற்குள் சௌரிராஜன் உள்ளே வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். ஆனால் வெளி ஆள் ஒருவர் இருக்கும்போது சண்டை வந்தால் இரண்டு பேரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டுமே.

"நீயே சொல்லு மொக்கையா. மூணாந் தரம் நின்னா அனுப்பிருவேன்னு சொன்னேனா இல்லையா?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? நான் இன்னிக்குத்தான வாரேன்."

"சொன்னாரு தம்பி," என்றாள் ராதாமணி. "சொல்லாம என்ன. வீட்டுல மூணாந் தரம் நின்ன பேனு இருக்கு, ரேடியோ இருக்கு. அதெல்லாம் திருநகர் போகல. எந் தம்பி குடுத்தது மட்டும் போகணுமாம்."

"அக்கா சொல்றதும் நாயமாத்தாண்ணே தெரியுது."

"நீ மிஷினைப் பாரு!"

மொக்கையன் மிஷினைப் பார்த்தான். சௌரிராஜன் சுவிட்சைப் போட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நாலு தரம் குட்டையாகக் கூவியது. அவருக்குக் கேட்ட வரைக்கும் நாலுதான்.

"ஹெச்," என்றார் தீர்மானமாக. "ஹோஸ். வெளிய போற குழாய்."

வெளியே போகிற குழாயைக் கழற்றி மொக்கையன் வாயை வைத்து ஊதினான். மறுமுனையில் காற்று சீராக வந்தது. குழாயில் ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டிவிட்டான். சௌரிராஜன் ஹெச்சில் வேறு என்னவெல்லாம் ஆரம்பிக்கும் என்று யோசித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் டெம்போ வந்து நின்ற சத்தம். வசுந்தரா இறங்கி வந்தாள். கையில் மல்லிகைப்பூப் பொட்டலம், அல்வாப் பொட்டலம். பின்னால் தூக்குகிறதற்கு இரண்டு ஆட்கள், கயிறு, பழைய சாக்கு.

"அக்கா, ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நானே வண்டி பிடிச்சு வந்துட்டேன். எங்க வீட்டுல பத்திரமா இருக்கும். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

"பாக்குறதுக்கு அது என்ன கட்டிக் குடுத்த பொண்ணா?" என்றாள் ராதாமணி. ஆனாலும் ஆட்களுக்குக் காப்பி போட உள்ளே போனாள். போகும்போது மொக்கையன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவனும் புரிந்துகொண்டான். இனி எவ்வளவு நேரம் அவனால் மிஷினைக் கழற்றிக் கையில் வைத்திருக்க முடியுமோ, அவ்வளவு நேரம்தான் அது இந்த வீட்டு மிஷின்.

விசிறியின் நடுவில் ஒரு மூடி இருந்தது. அதை நெம்பினால் அடியில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றிவிட்டான். விசிறி கழன்று வர வேண்டும். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஒரு காலை மிஷின் மேல் ஊன்றி இழுத்தான். டார்ச்சை வாங்கி விசிறியின் ஓர இடுக்கில் அடித்துப் பார்த்தவன் முகம் மாறியது.

"அக்கா… உள்ள என்னமோ செத்துக் கெடக்கு."

"என்னது!" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள் ராதாமணி.

"தோலு மாதிரி இருக்கு. முடி முடியா நிக்குது. பெருச்சாளியாத்தான் இருக்கணும்."

வசுந்தரா மூன்று அடி பின்னால் நகர்ந்தாள். அல்வாப் பொட்டலத்தை மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டாள். "இதுலயா துணி தொவச்சீங்க? ஐயையோ, இதுலயா?"

"எலின்னா இங்கிலீஷ்ல ஆர்ல ஆரம்பிக்கும்," என்றார் சௌரிராஜன், யாரும் கேட்காமலே. "ஹெச் எப்படி அடிக்கும்?"

"அண்ணே, செத்த எலி எங்கிட்டுண்ணே தந்தி அடிக்கும்?" என்ற மொக்கையன் பையிலிருந்து ஒரு ரம்பப் பிளேடை எடுத்தான். "இடுக்குல இத விட்டுச் சுத்தி அறுத்துட்டா வெசிறி தன்னால வந்துரும். அறுபட்டதெல்லாம் கீழ கெடந்துட்டுப் போகுது."

காப்பித் தட்டோடு வந்த ராதாமணி தட்டைக் கீழே வைத்தாள். செத்த எலி என்றால் மூன்று நாளில் வீடு தாங்காதே, நாற்றம் ஒன்றும் இல்லையே என்று அவளுக்குச் சந்தேகம். "டார்ச்சக் குடுங்க தம்பி" என்று வாங்கி, மிஷினுக்குள் குனிந்து, அந்த நகத்தை மெதுவாக இடுக்கில் விட்டு ஒரு பிசிறைக் கிள்ளி எடுத்தாள்.

கையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்த்தாள். அது முடி இல்லை. நூல். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. சுருள் சுருளாக, புள்ளியின் கழுத்தைச் சுற்றிய வளைவு இன்னும் மாறாமல் இருந்தது. சிவப்பு, போன மாதம் பண்ணிய கல்யாணச் சேலை. இன்னும் உள்ளே பார்த்தாள். சிவப்புக்குக் கீழே பச்சை. அது சித்திரையில் பண்ணியது. பச்சைக்குக் கீழே கத்திரிப்பூ நிறம். மிஷின் வந்த மாதத்து வேலை. நாலு மாதத்து வேலையும் மரத்துக்குள் வளையம் இருக்கிற மாதிரி அடுக்கடுக்காக அங்கே இருந்தது.

ராதாமணியின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது.

முடிச்சு உருவுகிறபோது நூல் வீடெல்லாம் பறக்கும், சோற்றில் விழும். அதனால் உருவுகிற நூலைச் சுருட்டிச் சுருட்டி இடுப்பில் சேலைக் கொசுவத்துக்குள் செருகிக்கொள்வது அவள் வழக்கம். சாயங்காலம் எடுத்து எறிவாள். மறந்தாலும் பாதகமில்லை, கல்லில் துவைக்கும்போது சுருணை கையில் தட்டுப்படும், எடுத்துப் போட்டுவிடலாம். மிஷினுக்குக் கை இல்லை. அவள் அவிழ்த்துப் போட்ட சேலையை அது சுருணையோடு வாங்கி வைத்துக்கொண்டது. போதாததற்கு, கடைசி அலசலில் சேலை விறைப்பாக நிற்கட்டும் என்று சோற்றுக் கஞ்சியை வடிகட்டி வேறு ஊற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சி குடித்த நூல் காய்ந்து விசிறித் தண்டைச் சுற்றித் தோலாக இறுகிவிட்டது. மிச்ச நூல் தண்ணீர் இறங்குகிற வாயை அடைத்துவிட்டது.

இடுப்பில் அந்த நிமிஷமும் ஒரு சுருணை இருந்தது. நீல நூல்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருச்சாளி என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். வசுந்தரா ஏற்கெனவே வாசல் பக்கம் பாதி திரும்பிவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் டெம்போ காலியாகப் போய்விடும், கோளாறுக்குக் காரணம் அவள்தான் என்பது யாருக்கும் தெரியாமலும் போகும். ஆனால் மொக்கையன் பிளேடை இடுக்கில் வைத்துவிட்டான். அறுத்தால் நூல் ஆயிரம் துண்டாகும். துண்டெல்லாம் கீழே இறங்கிக் குழாய் வாயில், மோட்டாருக்குப் போகிற தண்டில், எடுக்கவே முடியாத இடத்தில் போய் உட்காரும். முடிச்சு நூலை அறுத்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

"அறுக்காதீங்க தம்பி!"

பிளேடு நின்றது. ராதாமணி இடுப்பில் கையை விட்டு நீலச் சுருணையை எடுத்து எல்லார் முன்னாலும் நீட்டினாள்.

"பெருச்சாளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுதான். நாலு மாசமா நான்தான் உள்ள போட்டிருக்கேன். கஞ்சியும் நான்தான் ஊத்துனேன்."

முதலில் டெம்போ ஆட்களில் ஒருவன் சிரித்தான். அப்புறம் மொக்கையன். "அக்கா, மிஷினுக்குப் பசிக்கும்னு கஞ்சி ஊத்துன ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்திதான்."

வசுந்தரா உடனே திரும்பி வந்துவிட்டாள். "அப்ப எலி இல்லையா? வெறும் நூல்தானா? அப்பச் சரி. ஏப்பா, கயித்த எடுங்க."

"மூணாந் தரம்," என்றார் சௌரிராஜன் விரலை நிமிர்த்தி. "அதுவும் ஒன்னாலயே."

"ஒரு மணி நேரம் குடுங்க," என்றாள் ராதாமணி. "ஓடலைன்னா நானே கயிறு கட்டித் தாரேன்."

முதலில் வெந்நீர். ஒரு குடம் சுடச்சுட ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டாள். காய்ந்த கஞ்சி வெந்நீருக்கு இளகும் என்பதை அவள் அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தினமும் பார்க்கிறாள். பிறகு குனிந்து நகத்தால் தேடினாள். அறுக்காத நூலுக்கு எங்கேயாவது ஒரு நுனி இருந்தே தீர வேண்டும். அது கிடைத்துவிட்டால் போதும். இழுக்கிற கோணம் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். நகம் இடுக்கில் ஓடியது. ஒரு இடத்தில் விசிறியின் விளிம்பு நகத்தைக் கவ்வியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றுகிற மாதிரி விரலைத் திருப்பி எடுத்தாள். நகம் பிழைத்தது. அதன் முனையில் ஒரு சிவப்பு நுனி ஒட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, வெசிறிய இடது பக்கமாத் திருப்புங்க. பைய. நான் இழுக்கும்போது மட்டும்."

குறுக்காக வைத்து ஒரு சுண்டு சுண்டினாள். பட் என்று ஒரு சத்தம். ஒரு முழம் நூல் வந்தது. இன்னொரு சுண்டு. பட், பட். மொக்கையன் விரல் விரலாக விசிறியைத் திருப்பினான். நூல் ஓடி வர ஆரம்பித்தது. தரையில் விட்டால் சிக்கிவிடும். ராதாமணி சுற்றிலும் பார்த்தாள்.

"என்னங்க, இங்கிட்டு வாங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க."

நூல்காரச் சாதியில் பிறந்தவர். நூலைச் சிட்டமாகச் சுற்ற யாராவது கையை நீட்டு என்றால் நீட்டித்தான் பழக்கம். யோசிக்காமல் சௌரிராஜன் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். ராதாமணி சிவப்பை அவர் கைகளில் எட்டுப் போலச் சுற்றினாள். சிவப்பு முடிந்து பச்சை வந்தது. பச்சை முடிந்து கத்திரிப்பூ. கால்மணி நேரத்தில் அவர் முழங்கை வரைக்கும் கட்டுண்டு நின்றார். மூக்கில் அரிப்பு வேறு.

"தீந்துச்சா?"

"இருங்க."

கடைசி நூல் எங்கேயோ ஆழத்திலிருந்து, தண்ணீர் இறங்குகிற வாய்க்குள்ளிருந்து, சொத்தென்று ஒரு கஞ்சிக் கட்டியோடு வெளியே வந்தது. அதே நிமிஷம் அடியில் தேங்கியிருந்த வெந்நீர் களக்கென்று இறங்கிக் குழாய் வழியே சாக்கடைக்கு ஓடியது. மொக்கையன் விசிறியை ஒரு கையால் தூக்கினான். தட்டிலிருந்து தோசை வருகிற மாதிரி வந்தது. அடியை வழித்து, தண்டைத் துடைத்து, திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். அங்கிட்டு ஒரு சுற்று. இங்கிட்டு ஒரு சுற்று. மிஷின் ஓடியது.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் வசுந்தரா. "ஓடுற மிஷினா எடுத்துட்டுப் போறதுதான் நல்லது."

எல்லாரும் சௌரிராஜனைப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பார்த்தார்.

"ராதா, முதல்ல இத அவுத்து விடு."

"முதல்ல சொல்லுங்க. மிஷின் யாருக்கு?"

"மூக்கு அரிக்குது ராதா."

"சொல்லிட்டுச் சொறிஞ்சுக்கங்க."

அவர் யோசித்தார். வாக்குத் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். பொய்யும் சொல்ல முடியாது. நூலைப் பார்த்தார், பெண்டாட்டியின் நகத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தந்தி தப்பாப் போனா நாங்க ரெண்டு வெதமா எழுதுவோம். கருவி தப்பா, அனுப்புன ஆள் தப்பா. ஆள் தப்புக்குக் கருவியைக் கழட்டிக் குடுக்குற வழக்கம் எங்க ஆபீஸ்ல இல்ல. இது ஆள் தப்பு. மிஷின் தானா நின்னது இதுவரைக்கும் ரெண்டு தரம்தான்."

"ரெண்டுதான்," என்றான் மொக்கையன். "நாயமான தீர்ப்புண்ணே."

வசுந்தரா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அல்வாவைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள். டெம்போ சும்மா போக வேண்டாம் என்று கொல்லையில் கிடந்த துவைகல்லைப் பார்த்து, "இதையாவது எடுத்துக்கிறட்டுமா?" என்றாள். ராதாமணிக்கு அதைவிடச் சந்தோஷமான கேள்வியை அந்த வருஷம் யாரும் கேட்கவில்லை.

நூல் எங்கே போனது என்று கேட்பீர்கள். மொக்கையன் கேட்டு வாங்கிக்கொண்டான். குழாய்களை இணைக்கிற மரையில் நூல் சுற்றி இறுக்கினால் தண்ணீர் கசியாது. கஞ்சி போட்ட நூல் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றான். செக்கானூரணிப் பக்கம் எத்தனையோ தோட்டங்களில், குழாய் மூட்டுகளுக்குள், யார் கண்ணிலும் படாமல் ராதாமணியின் சிவப்பும் பச்சையும் இருக்கிறது.

மிஷின் பக்கத்துச் சுவரில் ராதாமணி ஒரு டப்பாவை மாட்டினாள். நூல் சுருணை இனி அதில். சேலையைப் போடும் முன் கொசுவத்தை மூன்று உதறு உதறுவாள். கஞ்சி போடுகிற சேலைக்குத் தனி வாளி. மாதம் ஒரு தரம் சௌரிராஜன் விசிறியைக் கழற்றி அடியைத் துடைத்து வைப்பார். சல்லடையைப் பிரஷ்ஷால் தேய்ப்பார். தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பார். மிஷின் கூவினால் மட்டும் இப்போதும் எழுத்துக் கூட்டிப் பார்க்கத் தவறுவதில்லை. கசகசாப் புள்ளிச் சேலை அந்த வருஷக் கார்த்திகையில் முடிந்தது. புள்ளி இருப்பதே தெரியவில்லை, பனி விழுந்த மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது துணி மிஷின் நிறைய வீட்டுக்கு வருகிறது. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது வந்திருந்தால், அதிலும் அந்த வீட்டில் முடிச்சுப் போடுகிறவர்களோ பூக் கட்டுகிறவர்களோ தையல் வேலை பார்க்கிறவர்களோ இருந்தால், இந்தக் கதையை அவர்களுக்கு ஒரு தரம் சொல்லுங்கள். கதை முழுக்கச் சொல்ல நேரமில்லை என்றால், இடுப்புச் செருகலை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொரு வீட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.